நடுக்கடலில் நோய் வந்தால்: மருத்துவமும் அதன் செலவும்

சொகுசுக் கப்பலில் பயணம் செல்வதற்காக அந்நியச் செலாவணி கேட்டு வங்கிக்கு வருவோர் அண்மை ஆண்டுகளில் கூடியிருப்பதை எங்கள் மேசையிலிருந்தே காண்கிறோம். மும்பையிலிருந்து கோவா, இலட்சத்தீவு, கொச்சி எனச் செல்லும் உள்நாட்டுப் பயணம் ஒருபுறம். சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட பயணம் மற்றொருபுறம். சிங்கப்பூரில் கப்பலேறிப் பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துத் திரும்பும் நான்கைந்து நாள் பயணத்தை நாடுவோரும் பலர். இவர்களில் பணி ஓய்வு பெற்றவர்களே மிகுதி. மூட்டுவலி உள்ளவர்களுக்கு, தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாற வேண்டியதில்லை என்பதே கப்பலின் பெரிய கவர்ச்சி.

இவர்கள் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். இன்றைக்கு டாலர் என்ன விலை? கையில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோகலாம்? பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக எடுத்துச் செல்லலாம் என்று சொன்னதும் மனநிறைவோடு எழுந்துவிடுகிறார்கள். கப்பலில் நெஞ்சுவலி வந்தால் யார் பார்ப்பார், அந்தப் பணத்தை யார் எப்படிக் கட்டுவது என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கான விடையை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கப்பலில் இருப்பது மருத்துவமனை அன்று

பெரிய கப்பல்கள் அனைத்திலும் மருத்துவ மையம் ஒன்று உண்டு. பெரும்பாலும் அது கீழ்த்தளம் ஒன்றில் அமைந்திருக்கும். மருத்துவரும் செவிலியர்களும் இருப்பார்கள். பகலில் குறிப்பிட்ட நேரங்களில் நோயாளிகளைப் பார்ப்பார்கள், அவசரத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். இம்மையங்களுக்கென அமெரிக்க அவசர மருத்துவர் கழகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை உலகின் முன்னணிக் கப்பல் நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. இ.சி.ஜி. கருவி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி, செயற்கைச் சுவாசக் கருவி, சில இரத்தப் பரிசோதனைகள், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஆகியவை இருக்கும். பல கப்பல்களில் எக்ஸ்ரேயும் உண்டு.

இல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இதய அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி இராது. இரத்த வங்கி இராது. சி.டி. ஸ்கேன் கருவியை எதிர்பார்க்க இயலாது. சிறுநீரகச் சுத்திகரிப்பான டயாலிசிஸ் வழக்கமாக அங்கே செய்வதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ குடல்வால் அழற்சியோ எதுவாயினும், கப்பல் மருத்துவரின் பணி ஒன்றுதான்: நோயாளியின் நிலையைத் தாங்கிப் பிடித்து, கரையிலுள்ள மருத்துவமனைக்கு உயிரோடு சேர்ப்பது. இதை அறியாமல், "ஐந்து நட்சத்திர விடுதிபோல் இருக்கிறதே, மருத்துவமும் அப்படித்தானே இருக்கும்" என்று எண்ணிச் செல்வோர் உண்டு.

கப்பல் நிறுவனங்களும் தம் வரம்பை அறிந்தே விதிகள் வகுத்துள்ளன. பயணத்தின் எந்த நாளிலாவது கருவுற்று 24 வாரத்தை எட்டும் பெண்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. பெருங்கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில் இது பன்னிரண்டு மாதமாக உயரும்.

பில் எப்படி வருகிறது

பயணச்சீட்டின் விலையில் உணவும் அறையும் பொழுதுபோக்கும் அடக்கம். மருத்துவம் அடக்கம் அன்று. மருத்துவரைப் பார்ப்பதற்கான கட்டணமே நூறு டாலரைத் தாண்டுவது வழக்கம். நள்ளிரவில் அழைத்தால் அதற்குத் தனிக்கட்டணம். ஊசி, குளுக்கோஸ் ஏற்றுதல், பரிசோதனை, படுக்கையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் தனித்தனியே கணக்கில் ஏறும். நம் ஊர் மருத்துவமனைகளில் காப்பீட்டு அட்டையை நீட்டினால் நடப்பதுபோல் அங்கே நடக்காது. பில் தொகை முழுவதும் தங்கள் அறைக் கணக்கில் எழுதப்படும். கப்பலேறியபோது தாங்கள் பதிவுசெய்த கடனட்டையிலிருந்து அது எடுத்துக்கொள்ளப்படும். ஊர் திரும்பிய பின் காப்பீட்டு நிறுவனத்திடம் தாங்கள்தாம் கேட்டுப் பெற வேண்டும்.

இங்கே இரண்டு சிறிய செய்திகள். பில் தொகையை ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தை வைத்திருப்பவர் முடிவு செய்வார். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாய் இராது. அடுத்தது, நம் கடனட்டைகள் பலவற்றில் அந்நியச் செலாவணிச் செலவுக்கு 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணம் உண்டு. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 4,000 டாலர் பில் 3,60,000 ரூபாய். கூடுதல் கட்டணம் 12,600 ரூபாய், அதற்கு வரி 2,268 ரூபாய். ஆக 14,868 ரூபாய் நோயோடு தொடர்பே இல்லாமல் போகிறது. இக்கட்டணம் குறைந்த அட்டைகளும் உள்ளன. புறப்படுமுன் கேட்டறிவது நன்று.

கரையில் இறக்கிவிடும் முடிவு

நோயாளியைக் கரையில் இறக்க வேண்டும் என்று கப்பல் மருத்துவர் கருதினால், அவர் கப்பல் தலைவரிடம் தெரிவிப்பார். இறுதி முடிவு தலைவருடையது. பயணியின் விருப்பம் கேட்கப்பட்டாலும் அதற்கு மேலாணை இல்லை. பயணச்சீட்டு ஒப்பந்தத்திலேயே இந்த உரிமையைக் கப்பல் நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கும். அடுத்த துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் முகவர் ஆம்புலன்சோடு காத்திருப்பார். நோயாளியும் உடன் வந்தவரும் பெட்டிகளோடு இறங்குவார்கள். கப்பல் அன்று மாலையே புறப்பட்டுவிடும். பயணத்தின் மிச்ச நாட்களுக்கான பணம் பொதுவாகத் திரும்பி வராது.

துறைமுகம் தொலைவில் இருந்து, காத்திருக்கவும் முடியாத நிலை என்றால், கடலோரக் காவல் படையின் உதவி நாடப்படும். கடலில் தேடலும் மீட்பும் குறித்த 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஒரு நாடு பொறுப்பேற்கிறது. நம் கடற்பகுதியில் இந்தியக் கடலோரக் காவல் படை அப்பணியைச் செய்கிறது. மும்பையிலும் சென்னையிலும் அந்தமானிலும் அதன் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் இயங்குகின்றன. வணிகக் கப்பல்களிலிருந்து நோயுற்ற மாலுமிகளை அவர்கள் மீட்டுவரும் செய்தியை நாளிதழ்களில் அவ்வப்போது படிக்கிறோம். ஆனால் ஹெலிகாப்டருக்குப் பறக்கும் தொலைவில் எல்லை உண்டு. காற்றும் இரவும் மழையும் தடை. பல நேரங்களில் கப்பலே வழி மாறிக் கரையை நெருங்கிச் சென்ற பிறகுதான் ஹெலிகாப்டர் வர இயலும்.

அரசுப் படைகள் செய்யும் மீட்புக்குப் பல நாடுகளில் கட்டணம் கேட்பதில்லை. செலவு தொடங்குவது அதன் பிறகு. சிறிய தீவிலோ ஒதுங்கிய துறைமுகத்திலோ போதிய வசதி இல்லாவிட்டால், பெரிய நகரத்துக்குத் தனியார் மருத்துவ விமானத்தில் கொண்டுசெல்வார்கள். அலாஸ்காவின் ஜூனோ நகரத்தில் இறக்கப்பட்ட இதய நோயாளியைச் சியாட்டிலுக்குப் பறக்கவைப்பது இத்தகையது. அங்கிருந்து இந்தியாவுக்கு மருத்துவ விமானம் என்றால் தொகை இலட்சங்களில் நில்லாது.

ஒரு தம்பதிக்கு நேர்ந்தது

எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவர் இசைவோடும் அடையாளம் தவிர்த்தும் சொல்கிறோம். அவருக்கு வயது 68. பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு சிங்கப்பூரில் கப்பலேறினார். பினாங்கை விட்டுப் புறப்பட்ட இரவில் நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும். மனைவி அறைத் தொலைபேசியில் அவசர எண்ணை அழுத்தினார். சில நிமிடங்களில் சக்கர நாற்காலியோடு செவிலியர் வந்தனர். இ.சி.ஜி. மாரடைப்பு என்று காட்டியது. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து இரவு முழுவதும் கண்காணித்தார்கள். இதுவரை அனைத்தும் நல்ல முறையில் நடந்தது. அவர் இன்று நலமாக இருப்பதற்கு அந்த இரவே காரணம் என்று ஊரில் பார்த்த இதய மருத்துவர் சொன்னாராம்.

மறுநாள் காலை புக்கெட். பெரிய கப்பல்கள் அங்கே பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைசேர்க்கும். தூக்குப்படுக்கையில் கட்டப்பட்ட கணவரோடு அந்த அம்மையார் படகில் இறங்கியபோது கையில் இருந்தவை இரண்டு கடவுச்சீட்டுகள், கணவரின் கைப்பேசி, ஒரு கடனட்டை, 600 டாலர் ரொக்கம். கப்பலின் மருத்துவ பில் ஏறத்தாழ 3,000 டாலர் அதற்குள் அட்டையிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கரையிலிருந்த தனியார் மருத்துவமனை ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்பணமாக 3 இலட்சம் பாட் கேட்டது. நம் பணத்தில் ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாய்.

அட்டையைத் தேய்த்தார்கள். ஏற்கப்படவில்லை. பணம் இல்லாமலா? இல்லை. அந்தக் குடும்பத்துக்கு எங்கள் கிளையில் மட்டுமே 40 இலட்சத்துக்கு மேல் வைப்புத்தொகை இருந்தது. அட்டையில் வெளிநாட்டுச் செலவுக்கு அவர் தாமே வைத்திருந்த வரம்பு 3 இலட்சம். கப்பல் பில் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. வரம்பை உயர்த்தச் செயலியைத் திறக்க வேண்டும்; கடவுஎண் கணவருக்கு மட்டுமே தெரியும். ஓ.டி.பி. கணவரின் எண்ணுக்கு வரும். அவர் ரோமிங் வசதி எடுக்கவில்லை. வைப்புத்தொகை அனைத்தும் அவர் ஒருவர் பெயரில். மனைவிக்குத் தனிக் கணக்கு உண்டு, டெபிட் கார்டும் உண்டு. அந்த அட்டை ஊரில் அலமாரியில் இருந்தது.

கணவர் மயக்க மருந்தில் இருக்கும்போது, அவர் பெயரிலுள்ள பணத்தை மனைவியாயினும் எடுக்க வங்கி அனுமதிக்க இயலாது. நியமனதாரர் என்று பெயர் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது கணக்கு வைத்திருப்பவர் காலமான பின்புதான் பயன்படும். இதைச் சொல்லும்போது வாடிக்கையாளர்கள் பலர் வியப்படைகிறார்கள். வாழும்போது உதவுவது கூட்டுக் கணக்குதான்; அதிலும் "இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியிருப்பவர்" என்ற முறையில் தொடங்கிய கணக்கு. வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுப்பதாயின், எஞ்சியவரே எடுக்கலாம் என்றோ இருவரில் எவரும் எடுக்கலாம் என்றோ தெளிவான எழுத்து ஆணையைக் கிளையில் முன்னரே கொடுத்துவைக்க வேண்டும்.

புனேயில் இருந்த மகன்தான் பணம் அனுப்பினார். அன்று சனிக்கிழமை, நல்லவேளையாக வங்கி வேலை செய்யும் சனிக்கிழமை.

ஊரிலிருந்து பணம் அனுப்பும் முறை

அந்த மகன் பயன்படுத்திய வழியைச் சற்று விளக்க வேண்டும். இது வங்கியின் சொந்த வேலை. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின்படி இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மகன் தம் பெயரிலுள்ள வரம்பில், தம் கணக்கிலிருந்து, மருத்துவமனையின் கணக்குக்கே நேரடியாக அனுப்பலாம். ஏ2 படிவம், நிரந்தரக் கணக்கு எண், மருத்துவமனை கொடுத்த மதிப்பீடு, அதன் வங்கி விவரமும் ஸ்விஃப்ட் குறியீடும் போதும். மருத்துவச் செலவு இந்த வரம்பையே தாண்டினாலும், மருத்துவமனையின் மதிப்பீட்டின் அடிப்படையில் கூடுதலாக அனுப்ப விதிகளில் இடமுண்டு. வெளிநாடு சென்ற பின் நோயுற்றவருக்கும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இன்றி இவ்வாறு செலாவணி வழங்கலாம் என்று தெளிவாகவே சொல்லப்பட்டுள்ளது. பலருக்கும் தெரியாத விதி இது.

படிவத்தில் நோக்கத்தைக் குறிக்கும் இடத்தில் "மருத்துவச் சிகிச்சை" என்றே குறிக்க வேண்டும். அவசரத்தில் "குடும்பப் பராமரிப்பு" என்றோ "சுற்றுலா" என்றோ எழுதிவிடுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாய் வரை இத்திட்டத்தில் அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். வரிப்பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனால், மருத்துவத்துக்கான விகிதம் பிற நோக்கங்களுக்குரியதைவிட மிகக் குறைவு. விகிதங்கள் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியவை. அன்றைய விகிதத்தைக் கிளையில் கேட்டுக்கொள்ளலாம். பிடித்த தொகை, வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யப்படும். ஆயினும் அது கையைவிட்டுப் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும்.

வெளிநாட்டில் இருக்கையில் கடனட்டையால் செலவிடும் தொகை இப்போதைக்கு இந்த வரம்பில் சேர்க்கப்படுவதில்லை. டெபிட் கார்டாலும் பாரெக்ஸ் கார்டாலும் செலவிடுவது சேரும்.

மற்றொன்றும் உண்டு. 2020 அக்டோபர் முதல், புதிதாக வழங்கப்படும் அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே இயக்கி, வரம்பும் வைக்க வேண்டும். மோசடியைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய அட்டை முடிந்து புதிய அட்டை வந்தபோது அந்த வசதி மீண்டும் அணைந்திருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எங்கள் கருத்தில், கணவனும் மனைவியும் வெவ்வேறு கணக்குகளைச் சார்ந்த அட்டைகளை வைத்திருக்க வேண்டும். துணை அட்டை என்பது முதன்மை அட்டையின் வரம்பையே பகிர்ந்துகொள்வதால், ஒன்று தீர்ந்தால் இரண்டும் தீர்ந்தன.

கைப்பேசியைப் பொறுத்தவரை, நடுக்கடலில் அது தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையோடு இணைந்தால் கட்டணம் கடுமையாக இருக்கும். நம் சாதாரண ரோமிங் திட்டங்கள் பலவற்றில் அது அடங்காது. எனவே கடலில் விமானப் பயன்முறையில் வைத்திருப்பதே வழக்கம். கரையில் ஓ.டி.பி. வருவதற்கு ஒருவருடைய எண்ணிலாவது ரோமிங் இருக்க வேண்டும்.

காப்பீடு: பாலிசியில் எதைப் படிக்க வேண்டும்

நம்மிடமுள்ள வழக்கமான மருத்துவக் காப்பீடு பொதுவாக இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கே பொருந்தும். அப்படியானால் மும்பை–கோவா போன்ற உள்நாட்டுக் கப்பல் பயணத்துக்கு அதுவே போதுமே என்று தோன்றலாம். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாலிசிகளில் "மருத்துவமனை" என்ற சொல்லுக்கு வகுத்த பொருள் ஒன்று உண்டு: உரிய பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்துக் குறைந்தது 10 அல்லது 15 உள்நோயாளிப் படுக்கைகள், அறுவைக்கூடம், எந்நேரமும் மருத்துவரும் செவிலியரும் என்ற நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். கப்பலின் மருத்துவ மையம் இந்தப் பொருளுக்குள் அடங்குவது கடினம். 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் குறுக்கே நிற்கும். ஆகவே கரைசேர்ந்து கொச்சி மருத்துவமனையில் சேர்ந்தபின் ஆகும் செலவு கிடைக்கலாம். கப்பலில் ஆன செலவு நம் தலையில் விழவே வாய்ப்பு மிகுதி.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தனியே பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். அதையும் புறப்படுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். விலை சிறிது. ஆனால் விலையை மட்டும் பார்த்து எடுப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லவேண்டியுள்ளது.

முதலாவது, எந்த நிலப்பரப்புக்கு அந்தப் பாலிசி. "அமெரிக்கா, கனடா நீங்கலாக" என்று எழுதிய பாலிசியோடு அலாஸ்கா கப்பலுக்கோ மயாமியிலிருந்து புறப்படும் கரீபியன் கப்பலுக்கோ போவது வீண். ஆசியப் பாலிசிகள் சிலவற்றில் ஜப்பான் விலக்கப்பட்டிருக்கும். கப்பல் எந்தெந்த நாட்டுத் துறைமுகத்தைத் தொடும் என்ற பட்டியலைப் பாலிசியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவுக்கு 50,000 டாலர் காப்புத்தொகை ஓரளவு போதும் என்பது எங்கள் கணிப்பு. அமெரிக்கத் துறைமுகம் ஒன்றேனும் வருமாயின் 2,50,000 டாலருக்குக் குறைந்து எடுக்கலாகாது.

இரண்டாவதும் எங்கள் எண்ணத்தில் முதன்மையானதும், ஏற்கெனவே உள்ள நோய்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களில் இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாதவர் எத்தனை பேர்? பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவை முற்றிலும் விலக்குகின்றன, அல்லது உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் மட்டும், சிறிய தொகை வரை தருகின்றன. காப்புத்தொகை 50,000 டாலர் என்று முகப்பில் இருக்கும்; உள்ளே இந்தத் தலைப்பில் அதன் சிறு பங்கே இருக்கும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, தீவிர சிகிச்சை, அறுவை மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைக்கும் பாலிசிகளும் உண்டு. நோயை மறைத்து விண்ணப்பித்தால் பிரீமியம் சிறிது குறையும். வெளிநாட்டு மருத்துவமனை முதலில் எழுதுவதே "நோயாளி பத்தாண்டுகளாகச் சர்க்கரைக்கு மருந்து உண்பவர்" என்ற வரிதான். அந்த ஒரு வரி போதும், கிளெய்ம் மறுக்கப்பட.

மூன்றாவது, மருத்துவக் காரணத்துக்காக வேறிடம் கொண்டுசெல்வதும் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்புவதும் எத்தொகை வரை அடங்கும் என்பது. கப்பல் பயணத்துக்கென்றே சில நிறுவனங்கள் கூடுதல் பிரிவு விற்கின்றன. கப்பலிலிருந்து அவசரமாகத் தூக்கிச் செல்லுதல், அறைக்குள் அடைபட்டுக் கிடத்தல், துறைமுகம் தவறுதல் ஆகியவை அதில் அடங்கும். அறைக்குள் அடைபடுதல் என்றதும் சிலர் சிரிக்கிறார்கள். கப்பலில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவினால் நோயுற்றவரை அறையிலேயே தனிமைப்படுத்துவது வழக்கமான நடைமுறை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் அடைபட்டதும், அவர்களில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியதும், இந்தியர்கள் 119 பேரை ஏர் இந்தியா விமானம் அழைத்துவந்ததும் நினைவிருக்கலாம்.

உயிரிழப்பு நேர்ந்தால் உடலைக் கொண்டுவரும் செலவும் பாலிசியில் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச விரும்பாத செய்திதான். ஆனால் அதற்கான செலவும் ஆவணங்களும் பெரியவை. அடுத்த துறைமுக நாட்டின் சான்று, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் இசைவு ஆகியவற்றைக் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி மையம் செய்து தரும்போது குடும்பத்தின் சுமை பாதியாகும்.

அந்த உதவி மையத்தின் தொலைபேசி எண்ணே பாலிசியின் உயிர். மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. தெரிவித்தால்தான் மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் போகும். பணம் கட்டாமலே சிகிச்சை நடக்கும். மேலே சொன்ன தம்பதிக்குப் பாலிசி இருந்தது, நோய்களையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். ஆனால் பாலிசித் தாள் கணவரின் மின்னஞ்சலில் கிடந்தது. மகன் அதைத் தேடியெடுத்து உதவி மையத்தை அழைக்க 20 மணி நேரம் ஆயிற்று. உத்தரவாதக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது. மருத்துவமனை முன்பணத்தின் பெரும்பகுதியைப் பின்னர் திருப்பித் தந்தது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை

ஒரு கடித உறை போதும். அதில் இருவருடைய பாலிசி அச்சுப்படி, உதவி மையத்தின் எண், மருத்துவரின் மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த இ.சி.ஜி., ஒவ்வாமை விவரம், ஊரிலுள்ள உறவினரின் எண். மருந்துச் சீட்டில் நிறுவனப் பெயர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு மருத்துவருக்குப் புரியாது. மருந்தின் பொதுப்பெயர் எழுதி வாங்க வேண்டும். பழைய இ.சி.ஜி. மிகப் பயனுள்ளது: இப்போது தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்பதை நடுக்கடலில் வேறு எப்படி அறிவது? மருந்தை நாள் கணக்கைவிடக் கூடுதலாக, கைப்பையில் வைத்திருக்க வேண்டும். கப்பலேறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு, அறைக்கு மாலையில்தான் அனுப்புவார்கள். தூக்க மாத்திரை, கடும் வலிநிவாரணி போன்ற சிலவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்ல முன் அனுமதி தேவைப்படலாம்.

விசாவும் மருத்துவச் செய்திதான். கப்பல் தொடும் நாடுகள் ஒவ்வொன்றிலும் இறங்கத் தகுதியுள்ள ஆவணம் இருக்கிறதா, கப்பலேறிய நாட்டுக்கு மறுபடி நுழைய அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். புக்கெட்டில் இறக்கப்பட்டவரின் திரும்பும் விமானச் சீட்டு சிங்கப்பூரிலிருந்து இருக்கும்.

ஊர் திரும்பிய பின்

கப்பலை விட்டு இறங்குமுன் மருத்துவ மையத்தில் வகைவாரியான பில், மருத்துவரின் அறிக்கை, பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைக் கையொப்பத்தோடு வாங்கிவிட வேண்டும். அறைக் கணக்கில் "மருத்துவ மையம் – 3,000 டாலர்" என்று ஒரே வரியாக வருவது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போதாது. கப்பல் அடுத்த வாரம் வேறு கடலில் இருக்கும். பிறகு கேட்டு வாங்குவது எளிதன்று. கடனட்டை அறிக்கையில் அந்தச் செலவு வரும் பக்கத்தையும் சேர்த்து அனுப்பலாம்.

கிளெய்ம் பணம் வரட்டும், அட்டைக்குக் கட்டிவிடலாம் என்று காத்திருப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அட்டை நிலுவைக்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால் 4 இலட்சம் ரூபாய்க்கு ஒரு மாதத்தில் மட்டும் 14,000 ரூபாய். அந்த வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் தராது. வைப்புத்தொகையின் பேரில் கடன் எடுத்து அட்டையைக் கட்டினால், வைப்பு வட்டியைவிட ஓரிரு விழுக்காடு மட்டுமே கூடுதலாக ஆகும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். 50 இலட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.